மேல்வீட்டு அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க்

வங்காளத்தில், நாங்கள் இருக்கும் பெஹாலாவில், தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு மழைக்காலம் வந்தால் ஒரு வேலை கூடும். தெருத் தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ என்று வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்ற வேண்டும். அரிசி மூட்டை, இரண்டாவது சிலிண்டர், பத்திரங்கள் இருக்கிற பெட்டி, பட்டுப்புடவைகள் எல்லாம் படியேறும். பிரிட்ஜுக்கு மட்டும் அடியில் செங்கல் வைத்து அது தலைவிதி என்று விட்டுவிடுவோம். மாடியில் இருப்பவர்கள் இதற்கு இடம் கொடுப்பதை உபகாரம் என்று யாரும் நினைப்பதில்லை. அங்கே அது அப்படித்தான்.

எங்களுக்கு மேல்வீடு பௌதியின் வீடு. அண்ணியை இங்கே பௌதி என்பார்கள், அண்ணனைத் தாதா என்பார்கள். ஊரிலிருந்து வரும் என் தம்பி, "மேல்வீட்டு தாதா வாரார்" என்று நான் சொல்லும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். இந்தத் தாதா அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் அதட்டிப் பேசியதில்லை. ஆனால் குரல் இருக்கிறதே, அது கணீரென்று இருக்கும். எங்கள் தெருவின் துர்கா பூஜைப் பந்தலில் ஒவ்வொரு வருடமும் மைக் அவர் கையில்தான். குழந்தை தொலைந்தாலும், போக் பிரசாதம் வந்துவிட்டாலும் தெருக்கோடி வரைக்கும் அவர்தான் சொல்வார். பௌதியோடும் தாதாவோடும் நான் பேசியதெல்லாம் வங்காளத்தில். இங்கே எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் வேலைக்கு வந்த தூத்துக்குடிக்காரர். நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து, இங்கேயே ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். எங்கள் பிரிவில் என் பொறுப்பு ஒன்றே ஒன்றுதான்: பேக்கப். அலுவலகக் கணக்கையெல்லாம் டேப்பில் நகலெடுத்து, அந்த டேப்பை இன்னொரு கட்டிடத்துக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நான் வீட்டுக்குக் கிளம்புவேன். அசலும் நகலும் ஒரே கூரைக்கடியில் தூங்கக் கூடாது என்று புதிதாக வந்தவர்களிடம் ஓதி ஓதி அவர்கள் என்னைக் கண்டாலே ஓடும்படி செய்திருந்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, வீட்டில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு சின்னக் கடைக்காரர்கள் சிலருக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். வாய் மட்டும் அலுவலகத்தில் இருந்த அதே வாய்தான்.

தாதாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது போன சித்திரையில். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். அதே மாதத்தில்தான் ஆஸ்திரேலியாவில் இருக்கிற அவருடைய மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தியும் வந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை. பௌதி ஒரே நாளில் அழுததற்கும் சிரித்ததற்கும் கணக்கில்லை.

ஒரு நாள் மத்தியானம் தாதா இறங்கி வந்தார். துவைத்த பஞ்சாபி ஜிப்பா போட்டுக்கொண்டு, கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு, ஆபீசுக்குப் போகிற மாதிரி வந்து நின்றார்.

"உங்கிட்ட நல்ல மைக் இருக்கு இல்ல? ஆபரேஷனுக்கு முன்னாடி கொஞ்சம் கதை சொல்லி வெச்சுடறேன். வர்ற பிள்ளை தாத்தா குரலைக் கேக்கணும் இல்லையா?" என்றார்.

"மேலேயே பண்ணலாமே தாதா, நான் லேப்டாப்பைத் தூக்கிட்டு வரேன்."

"வேண்டாம். அவ பக்கத்துல இருந்தா அழுவா. அவ அழுதா எனக்குக் கதை வராது."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்வரை மத்தியானம் மத்தியானம் வந்தார். எதையும் பார்த்து வாசிக்கவில்லை. எல்லாம் அவரே கட்டுகிற கதை. சத்தம் விழும் என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிடுவேன். வைகாசி வெயிலில் அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். அவர் சொல்லிக்கொண்டிருப்பார், நான் எதிரே உட்கார்ந்து திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோடு சிவப்புக்குப் போனால் கையைக் காட்டுவேன், அவர் குரலைத் தணித்துக்கொள்வார். என் மனம் முழுக்க யாருடைய ரிட்டர்ன் பாக்கி, யார் பில் அனுப்பவில்லை என்பதில் இருக்கும். முடித்துவிட்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்பார். "ரொம்ப க்ளியரா வந்திருக்கு தாதா" என்பேன். அவர் திருப்தியாகப் படியேறுவார், நான் ஓடிப்போய் மின்விசிறியைப் போடுவேன்.

கடைசி நாள், பென் டிரைவில் போட்டுத் தரவா என்று கேட்டேன். மகளுக்கு இப்போதே அனுப்பிவிடலாம் என்றும் சொன்னேன். இரண்டுக்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். பிள்ளை பூமிக்கு வருவதற்கு முன்னால் அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூட வாங்கக் கூடாது என்பது பௌதியின் கட்டளை. நம் ஊரிலும் இதே பேச்சுத்தானே. கதையும் அதில் அடக்கம் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

"பிறக்கட்டும், அப்புறம் அனுப்பலாம். அதுவரைக்கும் உங்கிட்டயே இருக்கட்டும். நான் வெச்சா தொலைச்சுடுவேன்" என்றார்.

"பேங்க் லாக்கர்ல இருக்குன்னு நெனைச்சுக்கோங்க" என்றேன் நான். நுணலும் தன் வாயால் கெடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாதா வீட்டுக்கு வந்தார், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, குரல் இல்லாமல். அந்த வாரமே நான் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. இண்டர்நெட்டில் எங்கேயாவது போட்டு வைக்கலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், யாருடையது என்றே தெரியாத கம்ப்யூட்டரில் என் வீட்டுச் சாமானைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வராது. தொட்டுப் பார்க்க முடிகிற பொருள்தான் எனக்குப் பொருள்.

அதை வெறுமனே நகல் எடுத்து வைத்திருக்கலாம். நான் பூட்டுப் போட்டேன். டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் கடவுச்சொல் இல்லாமல் யாராலும் படிக்க முடியாதபடி குழப்பி வைக்கிற மென்பொருள் அது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்துக் கடவுச்சொல் வைத்தேன், இருமுறை தட்டினேன். பிறகு அது ஒன்று சொன்னது: இந்தப் பூட்டைத் திறக்கும் விவரம் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியில் இருக்கிறது, அந்தப் பகுதி கெட்டுப்போனால் கடவுச்சொல் தெரிந்தாலும் பயனில்லை, ஆகையால் அதை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் இடம் என்றால் டிஸ்க் இல்லாத இடம்தானே என்று லேப்டாப்பில் வைத்தேன். டிஸ்க் மாடிக்குப் போய்விடும், லேப்டாப் கீழே இருக்கும், இரண்டும் இரண்டு வீடு. அலுவலகத்தில்கூட இத்தனை சுத்தமாக வேலை செய்ததில்லை என்று எனக்கே ஒரு பெருமை. எல்லாம் முடிந்ததும் டிஸ்க்கைப் பிடுங்கி, மறுபடி சொருகி, கடவுச்சொல் கொடுத்துத் திறந்து பார்த்தேன். ஒரு கதையைத் தட்டினேன். தாதா தொண்டையைச் செருமினார். ஓடுகிறது, போதும் என்று மூடிவிட்டேன்.

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு எதுக்கு பிள்ள? மேல்வீட்டு அலமாரியிலதான வைக்கப் போற?"

"கடைக்காரங்களோட பான் நம்பரு, பேங்க் கணக்கு எல்லாம் இருக்குல்லா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"பௌதி அதை எடுத்து என்ன செய்யப் போறா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க."

கடைக்காரர்கள் விஷயம் பொய்யில்லை. ஆனால் அதுவே முழுக் காரணமும் இல்லை. பௌதியின் வீட்டுக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். பந்தல் கமிட்டிப் பையன்கள், வேலைக்காரப் பெண், பாட்டு சொல்லிக்கொடுக்க வருகிறவர் என்று போவோர் வருவோர் கணக்கில்லை. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிடுவாள், அது தன்னுடையதா அடுத்தவருடையதா என்றுகூடப் பார்க்க மாட்டாள். ஒரு மழைக்காலத்தில் நான் மேலே ஏற்றி வைத்திருந்த இட்லிக் கொப்பரையைப் பந்தல் கமிட்டிக்குத் தூக்கிக் கொடுத்து, அது அடி கருகித் திரும்பி வந்தது. என் டிஸ்க்கையும் யாராவது சினிமா ஏற்றிக்கொள்ளக் கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, நம்பினேன். அவள் வீட்டில் வைக்கிறேன், அவளை நம்பாமல் வைக்கிறேன்.

பௌதி அந்தப் பெட்டியைத் தன் கல்யாணச் சால்வையில் சுற்றி, புடவைகளுக்கு நடுவே வைத்தாள். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. நானாகத்தான், "என் ஆபீஸ் வேலை. தாதா கதையும் இதுலதான் இருக்கு" என்றேன்.

அவள் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் கையை வைத்தபடி நின்றாள். "பிள்ளை பொறந்ததும் நானும் கேப்பேன். ஒண்ணு கூட நான் கேட்டதில்லை தெரியுமா? இப்ப வீட்ல சத்தமே இல்லை" என்றாள். பிறகு எனக்கு டீ போடப் போனாள்.

மாதம் ஒரு முறை அதை இறக்கி, புதியதைச் சேர்த்து, மறுபடி மேலே கொடுத்துவந்தேன். ஒவ்வொரு முறையும் சால்வையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள், ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் சுற்றி வைப்பாள். யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

பூஜை வந்தது. வங்காளிகளுக்குச் சரஸ்வதி பூஜை தை மாசியில். நமக்கு நவராத்திரி நவமியன்று. அன்றைக்குத் தெருவெல்லாம் துர்கைக்கு மேளம் கொட்டிக்கொண்டிருக்கும், எங்கள் வீட்டில் மட்டும் புத்தகத்தை அடுக்கிச் சுண்டல் வைப்போம். இத்தனை வருடத்தில் ஒரு வருடம் தவறியதில்லை. சாமி படத்துக்கு முன்னால் தரையில் ஒரு மணை, அதன்மேல் பட்டுத்துணி. புத்தகங்கள், என் கணவரின் ஸ்குரூடிரைவர் பெட்டி, என் லேப்டாப். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அன்று வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை செய்துதான் எடுக்க வேண்டும், இடையில் தொடக் கூடாது.

டிஸ்க்கும் தொழில் சாமான்தானே என்று எனக்குத் தோன்றியது. விஜயதசமியன்று அதில் புதிதாக நகலெடுத்து ஆரம்பித்தால் நல்லது என்றும் தோன்றியது. விடிந்ததிலிருந்து வானம் கறுத்துக் கிடந்தது. மேலே போய்க் கேட்டேன்.

"இன்னிக்கா? மழை வரும் போலிருக்கே" என்றாள் பௌதி, சால்வையைப் பிரித்தபடி.

"ஒரு நாள்தானே பௌதி. நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடறேன்."

சாயங்காலம் மழை பிடித்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். என் கணவர் அரிசி மூட்டையை மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுப்படியில் இருந்தவற்றையெல்லாம் மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பூஜையறைப் பக்கம் வந்து நின்றார்.

"இதையும் எடுத்துருவோம் பிள்ள."

"புனர்பூஜை ஆகாம எப்படித் தொடுதது?"

"மணையோட அப்படியே தூக்கிக் கட்டில் மேல வைக்கேன். சாமி ஒண்ணும் சொல்லாது."

"ஒரு வருஷமும் இல்லாம இந்த வருஷம் மாத்தவா? இத்தனை வருஷத்துல வாசப்படிய தாண்டின தண்ணியா இது? நீங்க போயிப் படுங்க."

அவர் விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். இதை பக்தி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். பக்தியில்லை. இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், இனிமேல் எடுத்தால் அவர்கள் சொன்னது சரியென்று ஆகிவிடும். என் குணம் அது.

விடியற்காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். கணுக்காலுக்கு மேலே சில்லென்று தண்ணீர். பூஜையறையில் பொரி மிதந்துகொண்டிருந்தது. மணை ஒரு பக்கம் மிதந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அதிலிருந்தவை எல்லாம் சரிந்து உள்ளே கிடந்தன. தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினேன். முதலில் லேப்டாப் அகப்பட்டது, பிறகு பட்டுத்துணிக்குள் சுருண்டுபோய் அந்தக் கறுப்புப் பெட்டி. அசலும் நகலும் ஒரே தண்ணீரில் படுத்திருந்தன. என் கணவர் வாசலில் நின்று பார்த்தார், பிறகு வந்து இரண்டையும் துண்டால் துடைத்தார். திட்டியிருக்கலாம்.

பூஜை விடுமுறை முடிந்து கடைகள் திறக்கும்வரை இரண்டையும் துணியில் சுற்றி வைத்திருந்தேன். ஈரத்தோடு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்கிற அறிவு மட்டும் மிச்சமிருந்தது. கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கிற மார்க்கெட்டில், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஒரு கடையில் கொடுத்தேன். சில நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் ஒரு கையில் மண் குவளை டீயை வைத்துக்கொண்டு, இந்தியில் சொன்னார்.

"லேப்டாப்புல ஒண்ணும் இல்லை, போர்டே போச்சு. டிஸ்க் ஓடுது. சேத்துத் தண்ணியில கெடந்திருக்கு, இருந்தாலும் பெரும்பாலும் படிக்க முடியுது. தொடக்கத்துலதான் அடி. நீங்க லாக் போட்டிருக்கீங்க இல்ல?"

"பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன மேடம், திறக்கற விவரம் இருந்த எடம் போயிடுச்சே. அதோட காப்பி எங்கயாவது வெச்சிருக்கீங்களா?"

"லேப்டாப்ல."

அவர் டீயைக் குடித்தார். எனக்கு அந்த அலுவலகப் புதுப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"பூட்டாம வெச்சிருந்தா?" என்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

"ஆடியோதானே? முக்கால்வாசி எடுத்துக் குடுத்திருப்பேன்" என்றார், அடுத்தவரின் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே.

டாலிகஞ்ச் வரை மெட்ரோவில் வந்தேன். அங்கிருந்து ஆட்டோ பிடிக்காமல் வெகுநேரம் வரிசையில் நிற்பதும், என் முறை வந்ததும் பின்னால் போய் நிற்பதுமாக இருந்தேன். வீட்டுக்குப் போனால் மாடிப்படியைக் கடக்க வேண்டும்.

அன்று பார்த்து பௌதி படியில் நின்றாள். பூஜை முடிந்தால் அக்கம்பக்கத்தில் தேங்காய் உருண்டை கொடுக்கிற வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் சேறு கழுவவே நாளாகிவிட்டதால் அவள் எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பெட்டி நனையலையே?"

"இல்லை பௌதி."

அவள் கண்ணை மூடி நெற்றியில் கையை வைத்துக் கும்பிட்டாள். "துர்கா மா காப்பாத்திட்டா. நான் பயந்துகிட்டே இருந்தேன்" என்றாள்.

அந்த உருண்டையை என்னால் தின்ன முடியவில்லை. என் கணவர் தின்றார். தின்றுவிட்டு, "சொல்லிரு பிள்ள. நாளாக நாளாக வாய் வராது" என்றார். நீங்கள் போய்ச் சொல்லுங்களேன் என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நிஜமாகவே கிளம்பினார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வெட்கம் வந்தது.

பௌதி கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் மேலே போனேன். தாதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். போனில் பெரிய எழுத்தாக வைத்து, ஒரு விரலால் தட்டிக் காட்டுவதுதான் இப்போது அவர் பேச்சு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜைக்கு வைத்ததை, என் கணவர் கேட்டும் எடுக்காததை, பூட்டை, கடைக்காரர் சொன்னதை. பௌதியிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்தது. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்குமே, அதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன்.

அவர் போனை எடுத்தார். "எல்லாமா?" என்று இருந்தது.

"எல்லாம் தாதா."

கையைக் கழுத்துத் துணியின்மேல் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். கீழே மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் குரல் தெருமுனை தாண்டி மறையும்வரை தாதா அசையவில்லை. திட்டுவதற்குக்கூட அவருக்கு ஒரு வழி இல்லையே என்று நினைத்தேன். பிறகு நெடுநேரம் தட்டினார். நான் பதறிப்போய்க் காத்திருந்தேன். போனைத் திருப்பிக் காட்டினார்.

"பரவாயில்லை. நீ பக்கத்திலேயே இருந்து கேட்டாயே. பிள்ளைக்கு நீ சொல்."

"சொல்றேன் தாதா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? அத்தனை மத்தியானமும் எதிரே உட்கார்ந்திருந்தேன், ஆனால் கேட்கவில்லை என்று சொல்லலாமா? டிஸ்க் போனதைச் சொல்ல ஒரு வாய் இருந்தது. இதைச் சொல்ல இல்லை. அன்றிலிருந்து அடுப்படியில், பாத்ரூமில், ஆட்டோவில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு காகம் வந்தது நினைவுக்கு வந்தது. ஒரு டிராம் வந்தது. காகத்துக்கும் டிராமுக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்தாலும் வரவில்லை. அந்தக் கதை ஓடியபோது குரல் எங்கே உயர்ந்தது, எங்கே கோடு சிவப்பைத் தொட்டது என்பதுகூட ஞாபகம் இருந்தது.

பௌதியிடம் அவரே சொல்லிவிட்டார். சில நாள் அவள் கீழே வரவில்லை, என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஒருநாள் நான் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனபோது பின்னாலேயே வந்தாள். கோபமாகக் கேட்டால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"தண்ணி வந்தது உன் தப்பில்லை. ஆனா எதுக்குப் பூட்டினே? என் வீட்லதானே இருந்தது?"

கடைக்காரர்கள், பான் நம்பர் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் உள்ளே போய்விட்டன. அவளுக்குத் தெரியும். அவள் மறுபடி கேட்கவில்லை. என் வாளியிலிருந்து ஈரப் புடவையை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் பிழிந்து காயப்போட்டோம்.

இங்கே மார்கழிக் குளிர் தொடங்கியபோது அங்கே பிள்ளை பிறந்தது, பேரன். ஒரு மாதம் போனதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிட்டார்கள். பௌதி கீழே வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மகள் அங்கே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, போனை அதன் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அது கையை முறுக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது.

"அப்பா கதையெல்லாம் உங்களுக்குத் தெரியுமாமே மாசி" என்றாள் மகள். சித்தியை இங்கே மாசி என்பார்கள். "சொல்லுங்க. நானும் கேக்கறேன், ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

பௌதி தரையில் பாயில் உட்கார்ந்தாள். தாதா என் பக்கத்து நாற்காலியில் இருந்தார், சவரம் செய்து, சலவைப் பஞ்சாபி போட்டுக்கொண்டு.

"டாலிகஞ்ச் டிராம் டிப்போல ஒரு காகம் இருந்தது" என்று ஆரம்பித்தேன். தாதாவின் முகம் மலர்ந்தது. "அதுக்கு டிராம்ல போகணும்னு ரொம்ப ஆசை. ஆனா கண்டக்டர் ஏத்த மாட்டேன்னுட்டார்."

அந்த இரண்டாவது வாக்கியத்தில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அது அவர் கதை இல்லை. அவர் காகம் டிராமில் ஏற ஆசைப்படவே இல்லையோ என்னவோ. நான் நிறுத்தியிருக்க வேண்டும். பௌதி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதட்டில் சிரிப்பு இருந்தது. "இப்படித்தான், இவர் இப்படித்தான் சொல்லுவார்" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. காகம் ஒரு தொப்பியைத் திருடியது என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு டிராமில் ஏறியது, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, ஆனால் டிக்கெட் கேட்டார்கள் என்றேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை.

என் முழங்கையில் அவர் விரல் பட்டது. போனை மற்றவர்களுக்குத் தெரியாமல் மடியோடு வைத்து எனக்கு மட்டும் காட்டினார். ஒரே சொல்தான் தட்டியிருந்தார்.

"அப்புறம்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, கேலியில்லை. நிஜமாகவே அவருக்கு அப்புறம் என்ன என்று தெரியாது. அவருடைய கதை என்ன ஆனது என்று எனக்கும் தெரியாது. உலகத்திலேயே அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். பௌதி கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். காகம் தன்னிடம் டிக்கெட் இல்லை என்று ஒப்புக்கொண்டது என்றேன்.